குடிபெயர்க்கப்பட்டோரும் சட்ட உதவியும்

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மலருக்குக் கட்டுரையொன்று வரைந்து தருமாறு விழாக் குழுவினர் பணித்தபோது, எதைப் பற்றி எழுதுவது என்று பன்னாள் எண்ணினோம். கல்வியின் சிறப்பையும் நம் தலைவர்களின் தொண்டையும் எடுத்துரைக்க இம்மலரில் தக்கார் பலர் உளர். ஆனால் நம் மக்களை நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்து வரும் துன்பம் ஒன்றுண்டு. குடியிருந்த இடத்தினின்றும் எழுப்பப்படுதலே அத்துன்பம். அதன் வரலாற்றையும், அதனை எதிர்க்கச் சட்டம் எந்த அளவில் துணை செய்தது என்பதையும் நம் இளைஞர்கள் ஒருசேர அறிந்திருத்தல் வேண்டும் என்னும் கருத்தால் இக்கட்டுரையை வரையத் துணிந்தோம். நாம் வழக்கறிஞர் அல்லோம், பள்ளி ஆசிரியர். படித்தும் கண்டும் அறிந்தவற்றையே இங்குக் கூறுகின்றோம்.

மனைக்கட்டு என்னும் தளை

இற்றைக்கு நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்னர், தாம்பரமும் பல்லாவரமும் வண்டலூரும் செங்கற்பட்டு மாவட்டத்தின் சிற்றூர்களாயிருந்தன. நிலம் மிராசுதாரர் கையில் இருந்தது. உழுதவரும் நட்டவரும் அறுத்தவரும் நம் முன்னோர். அவர்கள் உழுத நிலம் அவர்களுடையதன்று என்பது யாவரும் அறிந்தது. அவர்கள் படுத்துறங்கிய குடிசையின் அடிமண்ணும் அவர்களுடையதாக இல்லை என்பதைப் பலர் அறியார். கூலியைச் சற்று உயர்த்திக் கேட்டாலும், வேறொருவரிடம் வேலைக்குச் சென்றாலும், பிள்ளையைப் பாதிரிமார் பள்ளிக்கு அனுப்பினாலும், 'மனையைக் காலி செய்' என்ற ஒரு சொல் போதுமானதாயிருந்தது. பண்ணையாளைக் கட்டி வைக்கச் சங்கிலி தேவைப்படவில்லை. மனைக்கட்டே தளையாயிற்று.

இந்நிலையை அரசின் ஏட்டில் முதன்முதலாக விரிவாகப் பதிவு செய்தவர் செங்கற்பட்டு ஆட்சியராயிருந்த டிரமன்ஹேர் என்னும் ஆங்கிலேயர். 1891ஆம் ஆண்டில் அவர் அரசுக்கு அனுப்பிய அறிக்கை செங்கற்பட்டுப் பறையர் பற்றிய குறிப்புகள் என்னும் பொருளில் அமைந்தது. உணவு, உடை, கடன், கல்வி ஆகியவற்றோடு வீட்டுமனையின் நிலையின்மையையும் அவர் எடுத்துக் காட்டினார். அவ்வறிக்கைக்கு வேண்டிய செய்திகளைத் திரட்டித் தந்தோருள் ஸ்காட்லாந்துத் திருச்சபையைச் சார்ந்த ஆதாம் ஆண்ட்ரூ என்னும் பாதிரியார் ஒருவர். சிங்கப்பெருமாள்கோவில் அருகே மெல்ரோசாபுரம் என்னும் குடியேற்றத்தை அமைத்து நம்மவரை நிலத்தில் அமர்த்தியவர் அவரே. எழுதத் தெரியாத மக்களுக்காக மனு எழுதிக் கொடுத்தும், அதிகாரிகளிடம் அவர்களுக்காகப் பேசியும் அத்தகையோர் செய்த பணி, சட்ட உதவி என்னும் பெயர் தோன்றுவதற்கு முன்னரே நம் மாவட்டத்தில் நடந்த சட்ட உதவி என்று கூறின் மிகையாகாது.

அவ்வறிக்கையின் பயனாக 1892 செப்டம்பர் 30ஆம் நாள் வெளிவந்த 1010, 1010-அ எண்ணுள்ள அரசாணைகளின் வழியே நம் மக்களுக்கு நிலம் ஒப்படைக்கப்பட்டது. மாகாணம் முழுவதும் ஏறத்தாழ 12 இலட்சம் ஏக்கர் இவ்வாறு வழங்கப்பட்டதாகக் கூறுவர். பஞ்சமி நிலம் என்று நாம் இன்று வழங்குவது இதுவே. பத்து ஆண்டுகள் வரை அந்நிலத்தை விற்றலோ அடகு வைத்தலோ குத்தகைக்கு விடுதலோ கூடாது. அதன் பின்னரும் தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கன்றிப் பிறருக்கு மாற்றலாகாது என்பது அதன் நிபந்தனை. நிபந்தனை தாளில் இருந்தது. தாளைப் படிக்கத் தெரிந்தவர் நம் சேரியில் இல்லை. கடனுக்கும் கள்ளுக்கும் கைந்நாட்டுக்கும் அந்நிலத்தின் பெரும்பகுதி கைமாறிப் போயிற்று.

இவ்விழப்பின் வலியை நம் மாவட்டமே இரத்தத்தால் எழுதிற்று. காரணை ஊரின் பஞ்சமி நிலத்தை மீட்க எழுந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10ஆம் நாள் செங்கற்பட்டில் நிகழ்ந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டிற்கு ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் பலியாயினர். நூறு ஆண்டுகட்கு முன் ஒரு தாளில் எழுதப்பட்ட நிபந்தனையை நிறைவேற்றுமாறு கேட்டதற்கு இருவர் உயிர் கொடுக்க நேர்ந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

மனுவிலிருந்து மன்றத்திற்கு

நம்முள்ளிருந்தே எழுந்த குரல்களும் உண்டு. மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் தோன்றிய இரட்டைமலை சீனிவாசனார் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். நம் பரங்கிமலையில் 1883இல் பிறந்த எம். சி. இராசா பள்ளி ஆசிரியராகத் தொண்டு தொடங்கிச் சட்டமன்றம் புகுந்தவர். ஆசிரியர் ஒருவர் அவ்வாறு உயர்ந்தார் என்பதில் எம்மனோர்க்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. 1920ஆம் ஆண்டையொட்டி ஏற்பட்ட தொழிலாளர் ஆணையர் அலுவலகம் நம் மக்களுக்கு வீட்டுமனைகளைக் கையகப்படுத்தித் தந்தது. 'லேபர் பள்ளிகள்' என்று நம் பாட்டனார் வழங்கிய பள்ளிகளையும் திறந்தது. மனையும் பள்ளியும் ஒரே அலுவலகத்திலிருந்து வந்தன என்பது எண்ணத்தக்கது. இடம் நிலைத்தாலன்றிப் பிள்ளை படிப்பதில்லை.

விடுதலைக்குப் பின்னர், குடியிருப்பு மனையில் வாழும் உழவுத் தொழிலாளர்க்கு அம்மனையின் உடைமையையே வழங்கும் சட்டம் 1971இல் தமிழ்நாட்டில் இயற்றப்பட்டது. மிராசுதாரரின் 'காலி செய்' என்னும் சொல்லுக்கு அச்சட்டம் விடை கூறிற்று. ஆனால் அதற்குள் நம் பகுதியில் அச்சொல்லைக் கூறுவோர் மாறிவிட்டனர்.

நகரம் வளர்ந்த கதை

1928இல் தாம்பரத்தில் காசநோய் மருத்துவமனை தோன்றிற்று. 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்தொடர்வண்டி ஓடிற்று. 1937இல் கிறித்தவக் கல்லூரி இங்கு வந்தது. பின்னர் விமானப்படைத் தளமும், 1984இல் ஏற்றுமதி மண்டலமும், அதன்பின் புறவழிச் சாலைகளும் கணினி நிறுவனங்களும் வந்தன. 2019இல் செங்கற்பட்டு தனி மாவட்டமாயிற்று. 2021இல் தாம்பரம் மாநகராட்சியாயிற்று. இவ்வளர்ச்சியை நாம் வெறுப்பவரல்லோம். நம் பிள்ளைகளுக்கு வேலை தந்ததும் இவ்வளர்ச்சியே. ஆனால் கல் உடைக்கவும் மண் சுமக்கவும் வீடு துலக்கவும் வந்த நம்மவர்க்கு நகரம் குடியிருக்க இடம் ஒதுக்கவில்லை. ஏரிக்கரை, ஆற்றங்கரை, இருப்புப்பாதையின் ஓரம், கல்குவாரியின் விளிம்பு ஆகிய இடங்களில் அவர்கள் தாமே குடிசையிட்டுக் கொண்டனர். முன்னர் மிராசுதாரரின் மனையில் இருந்தவர்கள் இப்பொழுது புறம்போக்கில் இருந்தனர்.

சென்னையில் குடிசை மாற்று வாரியம் 1970இல் அமைந்தது. 2021இல் அது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் பெற்றது. 1971இல் குடிசைப் பகுதிகள் சட்டம் வந்தது. குடிசைப் பகுதி என்று முறையாக அறிவிக்கப்பட்ட இடத்தில் வாழ்வோரை நினைத்தவாறு எழுப்பிவிட இயலாது. அவ்விடத்திலேயே வசதி செய்து தருதலும் வீடு கட்டித் தருதலும் அச்சட்டத்தின் நோக்கங்களுள் அடங்கும். 1971இல் சென்னையில் 1,202 பகுதிகள் அவ்வாறு அறிவிக்கப்பட்டன. 1985இல் மேலும் 17 பகுதிகள் சேர்ந்தன. அதன்பின் அறிவிப்பு நின்றுபோயிற்று என்றே கூறலாம். எனவே பின்னர் தோன்றிய குடியிருப்புகளும், அக்காலத்தில் நகர எல்லைக்கு வெளியே இருந்த நம் புறநகர்க் குடியிருப்புகளும் அச்சட்டத்தின் நிழலுக்கு வெளியே நின்றன. நல்ல சட்டம் இருந்தும் அதன் பட்டியலில் பெயர் இல்லாதவனுக்கு அது பயன்படாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

2000ஆம் ஆண்டளவில் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் எழுந்தது. ஆழிப்பேரலைக்குப் பின்னர் செம்மஞ்சேரியும், அதன்பின் பெரும்பாக்கமும் எழுந்தன. நம் சங்கத்தின் அகவையும் கண்ணகி நகரின் அகவையும் ஏறத்தாழ ஒன்றே. நகரின் நடுவே கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் ஆகியவற்றின் கரைகளில் இருந்தோர் இருபது முப்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள அடுக்குமாடிகளுக்குக் கொண்டு வரப்பட்டனர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் மேற்குத் தாம்பரமும் நீரில் மூழ்கியதை நாம் கண்ணாரக் கண்டோம். அவ்வெள்ளத்திற்குப் பின்னர் ஆற்றங்கரை வெளியேற்றம் விரைந்தது. 2025 மே மாதத்தில் நம் மாநகராட்சியின் எல்லைக்குள்ளேயே அனகாபுத்தூரில் அடையாற்றங்கரை வீடுகள் இடிக்கப்பட்டன. ஆறு அகலமாக ஓடவேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடில்லை. வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவன நம் வீடுகளே. ஆனால் எவர் வீடு ஆற்றின் எல்லைக்குள் உள்ளது, அதனை அளந்தவர் எவர், அவ்வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கூறினார்களா, மாற்று வீடு எங்கே, பிள்ளையின் பள்ளி எங்கே என்னும் வினாக்களுக்கு விடை வேண்டும். அவ்வினாக்களை எழுத்தில் கேட்பதுதான் சட்ட உதவியாளரின் பணி.

இலவசச் சட்ட உதவி வந்த வழி

சட்ட உதவி என்பது உலகில் குடிபெயர்ந்தோரைச் சார்ந்தே வளர்ந்தது. 1876இல் நியூயார்க் நகரில் தோன்றிய சட்ட உதவிச் சங்கம், பிழைக்க வந்த ஜெர்மானிய ஏழைகளைக் காக்கவே தொடங்கப்பட்டது. நம் நாட்டில் நீதியரசர் கிருஷ்ணய்யர் தலைமையில் அமைந்த குழு 1973இல் அறிக்கை தந்தது. 1976இன் நாற்பத்திரண்டாம் திருத்தத்தால் அரசமைப்பில் 39-ஏ என்னும் பிரிவு புகுத்தப்பட்டது. வறுமை காரணமாக எவருக்கும் நீதி மறுக்கப்படலாகாது, அரசு இலவசச் சட்ட உதவி அளித்தல் வேண்டும் என்பது அதன் பொருள். 1979இல் பீகார்ச் சிறைகளில் விசாரணையின்றி ஆண்டுக்கணக்கில் கிடந்தோரைப் பற்றிய உசைனாரா காத்தூன் வழக்கில், அவ்வுதவி கருணையன்று, உரிமை என்பதை உச்ச நீதிமன்றம் நிலைநாட்டிற்று. 1987இல் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் இயற்றப்பட்டு, 1995 நவம்பர் 9ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது.

அச்சட்டத்தின் பன்னிரண்டாம் பிரிவை நம் இளைஞர் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்தல் நலம். இலவச உதவி பெறத் தகுதியுடையோர் யார் என்று அது வகுக்கின்றது. அவ்வரிசையில் முதலாவதாக நிற்பவர் பட்டியல் சாதியினரும் பழங்குடியினருமே. அவர்களுக்கு வருமான வரம்பு இல்லை. பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், வெள்ளம் முதலிய பேரிடரால் பாதிக்கப்பட்டோர் ஆகியோரும் அவ்வாறே தகுதியுடையோர். உயர் நீதிமன்ற வளாகத்தில் மாநில ஆணைக்குழுவும், மாவட்ட நீதிமன்றத்தில் மாவட்ட ஆணைக்குழுவும், வட்ட நீதிமன்றங்களில் வட்டச் சட்டப்பணிகள் குழுவும் உள்ளன. வெள்ளைத்தாளில் எழுதிய மனுவும் சாதிச் சான்றிதழின் படியும் போதும். 15100 என்னும் தொலைபேசி எண்ணிலும் உதவி கேட்கலாம். இவ்வுரிமையை அறிந்தவர் நம்முள் எத்தனை பேர்? ஊராட்சித் தேர்தலுக்குச் செலவிடும் மூச்சில் பத்தில் ஒரு பங்கை இதனை அறிவதற்குச் செலவிட்டிருந்தால் நம் பல வீடுகள் இன்றும் நின்றிருக்கும்.

சுவரில் ஒட்டிய தாள்

பிறரைக் குறை கூறுவதற்கு முன் நம் குறையை ஒப்புக்கொள்ளல் முறையாகும். தாம்பரத்திற்கு மேற்கே ஆற்றையொட்டிய குடியிருப்பு ஒன்று. அதன் பெயர் இங்கு வேண்டா. அங்கிருந்த பிள்ளைகள் பலர் நாம் தலைமையாசிரியராயிருந்த பள்ளியில் படித்தனர். மாலையில் நம் சங்கத்தின் படிப்பகத்திற்கும் வந்தனர். சில ஆண்டுகளுக்கு முன், மார்கழி இறுதியில், படிப்பகத்தின் வெளிச்சுவரில் தட்டச்சு செய்த தாள் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. நாம் நாள்தோறும் அதனைக் கடந்தே உள்ளே சென்றோம். சொட்டு மருந்து முகாமோ வாக்காளர் பட்டியலோ என்று எண்ணினோம். ஐந்தாம் நாள் மாலை எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எம் மேசையருகே வந்து நின்று, "சார், வெளியே ஒட்டின தாள்ல எங்க வீட்டு நம்பர் இருக்கு சார்" என்றாள்.

கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு படித்தோம். நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் ஏழாம் பிரிவின்படியான அறிவிக்கை அது. பதினைந்து நாளுக்குள் காரணம் காட்டத் தவறினால் வெளியேற்றப்படுவர் என்று எழுதியிருந்தது. ஐந்து நாள் போயிற்று. எஞ்சிய பத்தில் நான்கு நாள் பொங்கல் விடுமுறை. பி.ஏ., பி.எட். படித்த நாம், ஊராரின் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் நாம், ஊராரின் வீட்டைப் பற்றிய தாளைப் படிக்காமல் ஐந்து நாள் நடந்திருக்கின்றோம்! அன்றிரவு உறக்கம் வரவில்லை.

மறுநாள் காலை வட்டச் சட்டப்பணிகள் குழுவிற்கு மனு எழுதினோம். குழுவின் பட்டியலிலிருந்து இளம் பெண் வழக்கறிஞர் ஒருவர் அனுப்பப்பட்டார். அவர் படிப்பகத்தின் தரையில் அமர்ந்து கேட்ட முதல் வினா, "எந்தச் சட்டப்படி எழுப்புகிறார்கள்?" என்பதே. இரண்டாவது வினா, "யாரிடம் என்ன தாள் இருக்கிறது?" என்பது. பெண்கள் தகரப் பெட்டிகளோடு வந்தனர். குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, பழைய மின்கட்டண அட்டை, பிள்ளைகளின் பள்ளிச் சான்றுகள், 2015 வெள்ள நிவாரணம் வரவு வைக்கப்பட்ட வங்கிப் புத்தகம் எனப் பெட்டிகள் திறந்தன. மூதாட்டி ஒருவர் எதைக் கொடுப்பது என்று அறியாமல் தம் திருமணப் பத்திரிகையைக் கொடுத்தார். அதிலும் அவ்வூர் முகவரியே அச்சாகியிருந்தது. அதனையும் வழக்கறிஞர் வாங்கி வைத்துக்கொண்டார்.

ஏறத்தாழ அறுபது வீடுகள். ஒவ்வொரு வீட்டிற்கும் தனித்தனியே விடை எழுதுதல் வேண்டும் என்றார் அவர். கூட்டு மனு ஒன்று கொடுத்தால், அது தொலைந்தால் அறுபது பேரும் தொலைவர் என்பது அவர் கூறிய காரணம். நம் சங்கத்து இளைஞர்கள் இரண்டு இரவுகள் உட்கார்ந்து எழுதினர். நேரில் விசாரித்தல் வேண்டும், எல்லையை அளந்து காட்டுதல் வேண்டும், மாற்றுக் குடியிருப்பு தராமல் எழுப்பலாகாது, ஆண்டுத் தேர்வு முடியும் வரை கால நீட்டிப்பு வேண்டும் என்பன கோரிக்கைகள். ஒவ்வொரு மனுவுக்கும் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்கினர்.

விளைவை மிகைப்படுத்திக் கூற விரும்பவில்லை. வீடுகள் நிலைக்கவில்லை. ஆனால் தேர்வு முடியும் வரை நேரம் கிடைத்தது. அளவை நடந்தபோது கோடியிலிருந்த சில வீடுகள் ஆற்றின் எல்லைக்கு வெளியே இருப்பதாகத் தெரிந்து தப்பின. மாற்று வீட்டுக்கான பட்டியலில் விடுபட்டிருந்த குடும்பங்கள், தனித்தனி மனு கொடுத்திருந்தமையால் பின்னர் சேர்க்கப்பட்டன. அவற்றுள் கணவனை இழந்த பெண்களின் குடும்பங்களே மிகுதி. மே மாதத்தில் லாரிகள் வந்தன. தாளில் எண்ணைக் கண்டு வந்து கூறிய அம்மாணவியும் போனாள். புதிய இடத்துப் பள்ளியில் சேர்ந்து பத்தாம் வகுப்பு வரை படித்தாள் என்று கேள்வி. அதற்கு மேல் நாம் அறியோம். அந்த ஐந்து நாள் நம் கையில் இருந்திருந்தால் இன்னும் என்னென்ன செய்திருக்கலாம் என்னும் எண்ணம் மட்டும் இன்றளவும் நம்மை விட்டு நீங்கவில்லை.

சட்டத்தின் எல்லை

சட்டம் எல்லாவற்றையும் செய்துவிடும் என்று இளைஞர்களுக்கு நாம் பொய்யுரைத்தல் ஆகாது. பம்பாய் நடைபாதைவாசிகள் தொடுத்த ஓல்கா டெல்லிஸ் வழக்கில் 1985 ஜூலை 10ஆம் நாள் தீர்ப்பு வந்தது. உயிர் வாழும் உரிமையில் பிழைக்கும் வழியும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் கூறிற்று. அது பெருஞ்சொல். ஆயினும் முறைப்படி எழுப்பலாம் என்றும் அதே தீர்ப்பு கூறிற்று. மழைக்காலம் கருதி அக்டோபர் 31 வரை தவணை கிடைத்தது. சென்னைக் குடிசைவாசிகளுக்காகத் தொடுக்கப்பட்ட கே. சந்துரு எதிர் தமிழ்நாடு அரசு என்னும் வழக்கும் அவ்வாண்டிலேயே முடிவுற்றது. மாற்றிடம் தந்தே அப்புறப்படுத்துவது தன் கொள்கை என்று அரசு கூறியதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அக்கூற்றை அரசுக்கு நினைவூட்டும் உரிமை அதனால் நமக்கு வந்தது.

இடிப்புகள் குறித்து 2024 நவம்பர் 13ஆம் நாள் உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்து, பதினைந்து நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்றது. ஆனால் சாலை, நடைபாதை, இருப்புப்பாதை ஓரம், ஆறு, நீர்நிலை ஆகியவற்றிலுள்ள அனுமதியற்ற கட்டடங்களுக்கு அந்நெறிமுறை பொருந்தாது என்றும் விலக்களித்தது. நம்மவர் பெரும்பாலும் இருப்பது அவ்விலக்கிற்குள்ளேதான். செய்தித்தாளின் தலைப்பை மட்டும் படித்து மகிழ்ந்தவர்கள் இதனைக் கவனித்தல் வேண்டும்.

நிறவெறி நிலவிய தென்னாப்பிரிக்காவின் கதையும் நமக்கு நெருங்கியது. கேப் நகருக்கருகே எழுப்பப்பட்ட 390 பெரியோரும் 510 சிறுவரும் தொடுத்த வழக்கில், 2000ஆம் ஆண்டு அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் வீட்டுரிமையை நிலைநாட்டிற்று. உலகமெங்கும் சட்ட மாணவர் படிக்கும் தீர்ப்பு அது. அவ்வழக்கிற்குத் தம் பெயரைத் தந்த ஐரின் குரூட்பூம் என்னும் பெண்மணி 2008இல் குடிசையிலேயே இறந்தார். தீர்ப்புக்கும் வீட்டுக்கும் இடையே நீண்ட வழி உண்டு. அவ்வழியில் விடாமல் நடப்பதற்கு ஆள் வேண்டும்.

அண்ணல் அம்பேத்கர் 1927இல் மகாடு சவுதார்க் குளத்தில் நீர் அருந்தினார். அதன்மேல் எழுந்த வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றத் தீர்ப்பு 1937இல்தான் வந்தது. நீர் அருந்துவதற்குச் சில நொடிகள். அது உரிமை என்று எழுதி வாங்குவதற்குப் பத்து ஆண்டுகள். இரண்டையும் அவர் செய்தார். போராட்டத்தையும் வழக்கையும் ஒன்றுக்கொன்று பகையாகக் கருதுவோர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

இளைஞர் அறிய வேண்டுவன

முதலாவதாக, எந்த அறிவிக்கை வந்தாலும் 'எந்தச் சட்டப்படி?' என்று கேட்டறிக. புறம்போக்கு என்றால் 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம், ஏரியென்றால் 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் என ஒவ்வொன்றுக்கும் வேறு வழி உண்டு. நிலத்தை அரசு கையகப்படுத்தினால் 2014 முதல் நடைமுறையிலுள்ள 2013ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தலாம். நிலமில்லாத உழவுத் தொழிலாளியும் மூன்றாண்டு அங்கு உழைத்துப் பிழைத்திருந்தால் பாதிக்கப்பட்ட குடும்பமாவார் என்று அச்சட்டம் கூறுகின்றது. பட்டியல் சாதிக் குடும்பங்களைப் பெயர்ப்பதாயின் தனி வளர்ச்சித் திட்டம் வகுக்க வேண்டும் என்றும் கூறுகின்றது. ஆனால் தமிழ்நாட்டில் நெடுஞ்சாலைக்கும் தொழிற்பேட்டைக்கும் தனிச் சட்டங்களின் வழியே நிலம் எடுக்கப்படுவதுண்டு. 2021இல் உச்ச நீதிமன்றம் அவற்றைச் செல்லும் என்றது. அங்கு நடைமுறை வேறு.

இரண்டாவதாக, தனியார் எவரேனும் நம்மவரை மிரட்டி வீட்டையோ ஊரையோ விட்டு வெளியேறச் செய்தால், அது உரிமை வழக்கு மட்டுமன்று. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவின்படி குற்றமாகும். நம்மவர் நிலத்தை முறைகேடாகக் கைப்பற்றுதலும் அவ்வாறே.

மூன்றாவதாக, தாள்களைக் காத்தல் வேண்டும். பட்டா உள்ளவர் அதன் படிகளை மூன்று இடங்களில் வைத்தல் நலம். பட்டா இல்லாதவர் அவ்விடத்தில் வாழ்ந்தமைக்கான சான்றுகளை ஆண்டு வரிசையில் அடுக்கி வைப்பாராக. அடகுக்காகவோ இடைத்தரகரிடமோ மூலத்தை ஒருபோதும் கொடுத்தல் ஆகாது.

நான்காவதாக, பிள்ளைகளின் படிப்பு. 2010 முதல் நடைமுறையிலுள்ள கல்வி உரிமைச் சட்டப்படி, மாற்றுச் சான்றிதழ் தாமதமாயிற்று என்றோ, வயதுச் சான்று இல்லை என்றோ தொடக்கக் கல்விப் பிள்ளையைச் சேர்க்க மறுத்தல் கூடாது. குடிபெயர்ந்த பிள்ளை ஒன்று வீட்டிலிருப்பதைக் கண்டால் அருகிலுள்ள தலைமையாசிரியரிடம் அழைத்துச் செல்க. தலைமையாசிரியர் தயங்கினால் இப்பிரிவைப் பணிவோடு எடுத்துக் கூறுக. இதனை ஒரு தலைமையாசிரியரே எழுதுகின்றோம்.

ஐந்தாவதாக, பணி. சட்டப்பணிகள் ஆணைக்குழு 2009 முதல் சட்டத் தன்னார்வலர்களைத் தேர்ந்து பயிற்சி அளித்து வருகின்றது. அதற்கு வழக்கறிஞர் பட்டம் வேண்டுவதில்லை. எழுதப் படிக்கத் தெரிந்து, ஊரார் நம்பும் ஒழுக்கம் உடையவராயிருந்தால் போதும். நம் சங்கத்தின் ஒவ்வொரு படிப்பகத்திலும் இருவரேனும் இப்பயிற்சி பெறுதல் வேண்டும். வாரந்தோறும் ஒரு மாலை அவர்கள் அங்கு அமர்ந்து, ஊரில் ஒட்டப்பட்ட தாள்களையும் வந்த கடிதங்களையும் படித்துச் சொல்லுதல் வேண்டும். வெள்ளி விழாவின் நினைவாக இதனைச் சங்கம் மேற்கொள்ள வேண்டும் என்பது எம் வேண்டுகோள்.

முடிவுரை

டிரமன்ஹேர் அறிக்கை எழுதிய அதே 1891ஆம் ஆண்டில்தான் சென்னையில் சட்டக் கல்லூரி தொடங்கப்பட்டது. நம் நிலையை ஒருவர் எழுதிக்கொண்டிருந்தபோது, சட்டத்தை வேறு சிலர் படிக்கத் தொடங்கியிருந்தனர். அவர்களுள் நம்மவர் இல்லை. 1990இல் அக்கல்லூரி அண்ணல் அம்பேத்கரின் பெயரைப் பெற்றது. 2018இல் அது நகரை விட்டுப் பெயர்ந்து, அதன் ஒரு பகுதி நம் மாவட்டத்துப் புதுப்பாக்கத்திற்கு வந்தது. வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் செல்லும் சாலையில், நம் பாட்டனார் ஏர் பிடித்த வயல்களைக் கடந்து சென்றால் அக்கல்லூரியின் வாயிலை அடையலாம்.

நம் பிள்ளைகள் அவ்வாயிலுக்குள் செல்லட்டும். செல்ல இயலாதோர் தன்னார்வலராகட்டும். அதுவும் இயலாதோர், தெருச் சுவரில் புதிய தாள் ஒன்றைக் கண்டால் நின்று படித்து, அதன் தேதியைக் குறித்துக்கொள்ளட்டும். அவ்வளவேனும் செய்க. நாம் ஐந்து நாள் செய்யத் தவறியது அதுவே.